எங்கள் வட்டாரத்தின் பூங்காவும் சமூக மன்றமும்: ஒரு குடியிருப்பாளரின் மதிப்பீடு

சிங்கப்பூரில் அடுக்குமாடி வட்டாரம் ஒன்றில் குடியிருப்பவர் ஒரே நாளில் நான்கைந்து அமைப்புகளின் சேவையைப் பெற்றுவிடுகிறார், பெரும்பாலும் எது யாருடையது என்று தெரியாமலேயே. புளோக்குகளுக்கு நடுவே உள்ள சிறு பூங்காவையும் பிள்ளைகளின் விளையாட்டிடத்தையும் நகர மன்றம் பராமரிக்கிறது. அங்கிருந்து கால்வாய் ஓரமாக நீளும் பூங்கா இணைப்புப் பாதை தேசியப் பூங்காக் கழகத்தின் பொறுப்பு. பூப்பந்துக் கூடமும் வகுப்பறைகளும் உள்ள சமூக மன்றம் மக்கள் கழகத்தைச் சேர்ந்தது. நீச்சல் குளத்தையும் உடற்பயிற்சிக் கூடத்தையும் ஆக்டிவ்எஸ்ஜி என்ற பெயரில் ஸ்போர்ட் சிங்கப்பூர் நடத்துகிறது. குடியிருப்பவரின் கண்ணுக்கு இவையெல்லாம் சேர்ந்து ஒரே சேவைதான்: வீட்டை விட்டு இறங்கினால் உடம்பும் மனமும் தெளிய என்ன கிடைக்கிறது என்பதே அவர் கேட்பது. ஆகவே இவற்றைத் தனித்தனியாகப் பிரிக்காமல், தீவின் கிழக்குப் பகுதியில் உள்ள எங்கள் சிறிய வட்டாரத்தில் நடக்கும் பூங்கா, பொழுதுபோக்கு ஏற்பாடுகள் முழுவதையும் ஒரே சேவையாகக் கொண்டு இங்கே மதிப்பிடுகிறேன்.

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையும் இந்தச் சேவையைப் பயன்படுத்துகிறது. அம்மா காலை உடற்பயிற்சிக் குழுவில் இருக்கிறார். மகள் பூப்பந்து ஆடுகிறாள். எனக்குச் சமூகத் தோட்டத்தில் வேலை. எங்கள் அனுபவத்திலிருந்து என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வசதிகளிலும் கட்டணத்திலும் பெரிதாகக் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் வாரந்தோறும் தவறாமல் நடக்க வேண்டிய நடவடிக்கைகள் ஒரு சில தொண்டூழியர்களின் தோளில் நிற்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் பெருவிழாவுக்குக் கிடைக்கும் கவனத்தில் ஒரு பங்குகூட அவற்றுக்குக் கிடைப்பதில்லை. இந்த வட்டாரத்தில் வாழ்வதை இனிமையாக்குவது அந்த வாராந்தர நடவடிக்கைகளே என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

தொண்டூழியம் இந்த அமைப்பில் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டதில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த பஞ்ச காலத்தில் பிள்ளைகளுக்கு உணவு வழங்கிய நிலையங்களிலிருந்துதான் இங்குள்ள சமூக நிலையங்கள் வளர்ந்தன. 1960 ஜூலை 1ஆம் தேதி மக்கள் கழகம் அமைக்கப்பட்டபோது அந்த நிலையங்கள் அதன் குடையின்கீழ் வந்தன. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடிகளில் மக்கள் குடியேறி, கம்பம் எனப்பட்ட கிராமங்களின் அண்டை வீட்டார் சிதறிப்போன பிறகு, 1978இல் குடியிருப்பாளர்களே தொண்டூழியமாக நடத்தும் வசிப்போர் குழுக்கள் தொடங்கப்பட்டன. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட சமூக மன்றங்கள் இருக்கின்றன. சம்பளம் வாங்கும் ஊழியர்கள் அலுவலகத்தையும் பதிவையும் கணக்கையும் பார்த்துக்கொள்ள, நிகழ்ச்சியை நினைத்து, ஆள் சேர்த்து, நாற்காலி அடுக்கி, முடிந்ததும் தரையைத் துடைத்து வைப்பவர்கள் அக்கம்பக்கத்துத் தொண்டூழியர்கள். ஆகவே ஒரு வட்டாரத்தின் ஏற்பாடு நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பவர் அந்தத் தொண்டூழியர்கள் எவ்வாறு நடத்தப்படுகிறார்கள் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கட்டணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஆக்டிவ்எஸ்ஜி நீச்சல் குளத்துக்குப் பெரியவர் ஒருவர் வார நாளில் கொடுப்பது ஏறக்குறைய ஒரு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). 65 வயதைத் தாண்டிய குடிமக்களுக்குக் குளமும் உடற்பயிற்சிக் கூடமும் இலவசம். 2014இல் ஆக்டிவ்எஸ்ஜி திட்டம் தொடங்கியபோது உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் 100 வெள்ளி வரவு வைக்கப்பட்டது. நாட்டின் 60ஆம் ஆண்டை ஒட்டி 2025இல் மேலும் 100 வெள்ளி கிடைத்தது. பூங்காக்களுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. வார இறுதியில் பல பள்ளிகளின் கூடங்களும் திடல்களும் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்படுகின்றன. பணம் இல்லாததால் எங்கள் வட்டாரத்தில் ஒருவர் விளையாட முடியாமல் போனது என்று சொல்வதற்கில்லை.

சமூக மன்றத்தின் வகுப்புகளுக்கு வருகிறேன். யோகா, சமையல், ஓவியம், தைச்சி, திறன்பேசிப் பயன்பாடு, பாலிவுட் நடனம் எனப் பட்டியல் நீளமானது. மக்கள் கழகத்தின் உறுப்பினர் அட்டையான பேஷன் அட்டை உள்ளவர்களுக்குக் கட்டணம் குறைவு. பயிற்றுநர்களில் நாங்கள் சந்தித்த எல்லாருமே நேரம் தவறாதவர்கள். குறை எங்கே என்றால், குறைந்தபட்ச எண்ணிக்கை சேராவிட்டால் வகுப்பு ரத்தாகிறது, அந்தச் செய்தி மிகத் தாமதமாக வருகிறது. என் மகளைப் பிள்ளைகளுக்கான தமிழ் நாடகப் பயிற்சி ஒன்றில் சேர்த்திருந்தோம். தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்னதாகக் குறுஞ்செய்தி வந்தது, ஆள் போதவில்லை என்று. கட்டிய பணம் முழுவதும் திரும்பி வந்தது, அதில் தாமதமே இல்லை. ஆனாலும் ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் திரும்பி வந்த பணத்தால் என்ன ஆறுதல்? சிறுபான்மை மொழியில் நடக்கும் வகுப்புகளுக்கே இந்தக் கதி அடிக்கடி நேர்கிறது, ஏனென்றால் எங்கள் வட்டாரத்தில் தமிழ்க் குடும்பங்கள் சில புளோக்குகளில் மட்டுமே இருக்கின்றன. அண்டை வட்டாரத்துச் சமூக மன்றத்திலும் அதே வகுப்பு, அதே காரணத்தால், அதே மாதத்தில் நின்றுபோனதை அங்குள்ள தோழி ஒருத்தி சொல்லித்தான் அறிந்தேன். இரண்டு மன்றமும் பேசிக்கொண்டிருந்தால் பிள்ளைகளை ஒரே வகுப்பில் சேர்த்திருக்கலாம். பேருந்தில் மூன்று நிறுத்தம்தான் தூரம்.

பூப்பந்துக் கூடத்தின் தரையில் பூப்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் செபாக் தக்ரோவுக்கும் வெவ்வேறு நிறத்தில் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் போடப்பட்டிருக்கின்றன. புதிதாக ஆடவருபவர்கள் எந்தக் கோடு எல்லைக்கோடு என்று தெரியாமல் விழிப்பதை இன்றும் பார்க்கலாம். சிறிய வட்டாரத்தின் கதையே அந்தத் தரையில் இருக்கிறது: ஒரே கூடம், எல்லாருக்கும் தேவை. இரவு உணவு விருந்து, மூத்தோர் நிகழ்ச்சி, தீபாவளிக் கலைநிகழ்ச்சி என்று வரும்போதெல்லாம் அதே கூடத்தில் மேடை எழும்புகிறது. மேடை எழும்பினால் ஒத்திகை, அலங்காரம், பிரித்தெடுப்பு என ஆட்டக்காரர்கள் பல நாள் கூடத்தை இழக்கிறார்கள். விழாவுக்குக் கூடத்தைக் கொடுப்பது நியாயமே. எந்தெந்த நாள் கூடம் மூடியிருக்கும் என்பதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரே தாளில் ஒட்டிவைத்தால் போதும், பதின்ம வயதுப் பிள்ளைகள் வாசல்வரை வந்து மட்டையோடு திரும்பிப்போக வேண்டியிராது. இணைய முன்பதிவில் மாலை நேர இடங்கள் திறந்த உடனேயே நிரம்பிவிடுகின்றன என்பதும், நிரம்பிய இடங்களில் சிலவற்றில் ஒருவரும் வராமல் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருப்பதும் எல்லாரும் அறிந்தவை. பதிவு செய்துவிட்டு வராதவர்களுக்கு அடுத்த சில வாரம் முன்பதிவை நிறுத்திவைப்பது கடுமையாகத் தோன்றலாம். காத்திருப்பவர்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது கடுமையில்லை.

இனி இந்தச் சேவையின் மிகச் சிறந்த பகுதி. எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தை ஒட்டிய உடற்பயிற்சி முனையில் காலை ஏழு மணிக்கு ஒரு குழு கூடுகிறது. நடத்துபவர் ஓய்வுபெற்ற தாதி, சீன மாது. எல்லாரும் அவரை ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுகிறோம். சக்கரம் வைத்த பையில் சிறிய ஒலிபெருக்கி ஒன்றை இழுத்துக்கொண்டு வருவார். மாண்டரினில் அவர் எண்ண, முன்வரிசையில் நிற்கும் மலாய்ப் பாட்டி மலாயில் எண்ண, அம்மா தமிழில் எண்ணுவார். எட்டு வந்ததும் எல்லாரும் ஒரே பக்கம் திரும்புவார்கள். மூட்டுவலி உள்ளவர்களுக்காகக் கல்மேசைகளைச் சுற்றியுள்ள இருக்கைகளில் உட்கார்ந்தபடியே செய்யும் பயிற்சியையும் ஆன்ட்டி வைத்திருக்கிறார். ஒருவர் தொடர்ந்து வராவிட்டால் அவரே மின்தூக்கியில் ஏறிப்போய்க் கதவைத் தட்டிப் பார்ப்பார். தனியாக வாழும் முதியவர்கள் பெருகிவரும் இந்த ஊரில் அந்தக் கதவுத் தட்டலின் மதிப்பை நான் விளக்கத் தேவையில்லை. அறுபது வயதைக் கடந்தோருக்காகத் துடிப்பாக மூப்படையும் நிலையங்கள் இப்போது வட்டாரந்தோறும் வந்திருக்கின்றன; அவற்றின் பணியும் மதிக்கத்தக்கது. ஆனால் நிலையத்துக்குப் போகக் கூச்சப்படும் அம்மா, வீட்டு உடையோடு கீழே இறங்கிப் போய்விடலாம் என்பதாலேயே இந்தக் குழுவில் சேர்ந்தார்.

ஆன்ட்டி சென்ற ஆண்டு பேரப்பிள்ளையைப் பார்க்க வெளிநாடு போனபோது குழு ஓரிரு வாரம் தானாகக் கூடியது. பிறகு ஐந்து பேரானது. பிறகு அந்த முனையில் ஒருவரும் இல்லை. அவர் திரும்பி வந்து மறுபடி கதவு கதவாகத் தட்டித்தான் குழுவை எழுப்பினார். அவருக்கு ஒரு துணையாளைப் பழக்கி வைக்க வேண்டும் என்று எவரும் நினைக்கவில்லை. இதை யார் செய்ய வேண்டும் என்று கேட்டால் வசிப்போர் குழுவைக் காட்டுவார்கள், அவர்கள் சமூக மன்றத்தைக் காட்டுவார்கள். எல்லாரும் நல்லவர்களே, ஆனால் பொறுப்பு ஒருவர் பெயரிலும் எழுதப்படவில்லை. ஒவ்வொரு வாராந்தரக் குழுவுக்கும் நடத்துபவர் ஒருவர், அவர் இல்லாத நாளில் நடத்துபவர் ஒருவர் என இரண்டு பெயர் இருந்தால்தான் அந்தக் குழு அட்டவணையில் இடம்பெறும் என்ற ஒரே விதி வந்தால் பாதிச் சிக்கல் தீரும். இதற்குச் செலவு கிடையாது.

சமூகத் தோட்டத்தைப் பற்றி எழுதுவதில் எனக்குச் சார்பு உண்டு. வாசிப்பவர்கள் அதை மனத்தில் கொள்ளலாம். கம்யூனிட்டி இன் புளூம் என்ற பெயரில் தேசியப் பூங்காக் கழகம் 2005இல் தொடங்கிய திட்டத்தின்கீழ் நாடு முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தோட்டங்கள் உருவாகியிருக்கின்றன. வீவக வட்டாரங்களில் அவை பெரும்பாலும் வசிப்போர் குழு வழியாக அமைகின்றன. வடிவமைப்பிலும் பயிற்சியிலும் கழகத்தின் ஆலோசனை கிடைக்கிறது. 2020இல் நோய்ப்பரவல் காலத்தில் கழகம் காய்கறி விதைகளை வீடுகளுக்கு இலவசமாக அனுப்பியது. எங்கள் தோட்டத்தில் இப்போது உழைப்பவர்களில் சிலர் அந்த விதைப்பொட்டலத்திலிருந்து வந்தவர்களே.

எங்களுடையது இரண்டு புளோக்குகளுக்கு இடையே கம்பிவேலி போட்ட சிறு நிலம். இடுப்பு உயரத்துக்குப் பாத்திகளை உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். குனிய முடியாதவர்களும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் மண்ணைத் தொட முடிகிறது. கங்கோங் கீரை, வெண்டை, பாகல், செரை எனும் எலுமிச்சைப்புல், பாண்டான் இலை, மூலையில் ஒரு கறிவேப்பிலை. அந்தக் கறிவேப்பிலை மரத்துக்கு இந்தச் சுற்றுவட்டாரத்தில் வயது பேதம், இன பேதம் இல்லாத வாடிக்கையாளர்கள் உண்டு. நண்டுக் குழம்பில் போட வேண்டுமென்று கேட்டு வாங்கிப்போகும் சீனக் குடும்பம் ஒன்று, பதிலுக்குத் தேங்காய்ப் பால் பலகாரம் செய்து அனுப்பும். விளைந்ததைப் பங்கிட்டுக்கொள்கிறோம், எவர் பாத்தியில் எவர் பறிக்கலாம் என்பதில் சச்சரவு வருவதுண்டு. சச்சரவு வந்தபோது குழுத் தலைவர் ஒரு குறிப்பேட்டைக் கதவில் கட்டித் தொங்கவிட்டார்: யார், எதை, எவ்வளவு பறித்தார் என்று அவரவரே எழுத வேண்டும். பார்ப்பதற்கு எளிய காரியம். ஆனால் அதன் பிறகு ஒரு மாதத்தில் எந்தச் செடி எவ்வளவு கொடுத்தது என்ற கணக்கே எங்களுக்குக் கிடைத்துவிட்டது, அடுத்த நடவை அதை வைத்துத்தான் முடிவு செய்தோம்.

இந்தத் தீவில் தோட்டம் போடுபவர் முதலில் கற்க வேண்டியது கொசுவைப் பற்றி. தொட்டிக்கு அடியில் வைத்த தட்டு, பந்தலுக்கு ஊன்றிய குழாயின் திறந்த வாய், நீர் ஊற்றும் வாளி ஆகியவற்றில் தேங்கும் சிறிதளவு தண்ணீரே டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குப் போதும். எனவே தண்ணீர் ஊற்றுவதற்குள்ள முறைப்பட்டியல்போலத் தண்ணீரைக் கொட்டுவதற்கும் எங்களிடம் ஒரு முறைப்பட்டியல் இருக்கிறது. குழாய் வாய்களை மூடியால் அடைத்திருக்கிறோம். வாளிகளைக் கவிழ்த்துத்தான் வைக்க வேண்டும். குடியிருப்பாளர்கள் தோட்டத்தின்மேல் புகார் எழுப்புவதற்குப் பெரும்பாலும் கொசுவே காரணமாகிறது, எருவின் வாடை இரண்டாவது. இரண்டையும் கட்டுக்குள் வைத்திருப்பதால்தான் எங்கள் வேலி இன்னும் நிற்கிறது.

குழுவாகச் சேர்ந்து உழைக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு வேறொரு வழி உண்டு. பெரிய பூங்காக்களில் தேசியப் பூங்காக் கழகம் தனிநபர்களுக்கு 2.5 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் கொண்ட பாத்திகளை ஆண்டுக்கு 60 வெள்ளி அளவிலான கட்டணத்தில் மூன்று ஆண்டுவரை வாடகைக்கு விடுகிறது. கேட்பவர்கள் அதிகம் என்பதால் குலுக்கல் முறையில் கொடுக்கிறார்கள். தனக்கென்று ஒரு பாத்தி என்ற நிறைவு அதில் உண்டு. எனக்கு வேலிக்குள் நடக்கும் பேச்சும் சச்சரவும் சேர்ந்த தோட்டமே பிடித்திருக்கிறது.

விளையாட்டிடத்தைப் பற்றி ஒன்று மட்டும். 1979இல் தோபாயோவில் எழுந்த டிராகன் விளையாட்டிடம்போல ஓடு பதித்துக் கட்டியவை பெரும்பாலும் மறைந்து, மணலுக்குப் பதிலாக ரப்பர் விரிப்பு வந்துவிட்டது. விழுந்தால் அடிபடுவதில்லை, பூனைகள் அசிங்கம் செய்வதில்லை, சுத்தமாக இருக்கிறது. நகர மன்றம் பழுதுகளைக் காலத்தில் சரிசெய்கிறது. உடைந்த ஊஞ்சற்கொக்கியைத் தெரிவித்த அதே வாரத்தில் மாற்றினார்கள். குறை, நிழல். பிற்பகல் நான்கு மணிக்குச் சறுக்குமரத்தில் பிள்ளையை உட்காரவைக்க முடியாது. புதிய விளையாட்டிடம் திட்டமிடும்போது வண்ணத்துக்கும் உயரத்துக்கும் செலவிடுவதில் ஒரு பகுதியை மரத்துக்கோ கூரைக்கோ ஒதுக்கலாம்.

இறுதியாக, பதிவு முறை. எல்லாம் மக்கள் கழகத்தின் ஒன்பிஏ செயலியிலும் இணையத்திலும் நடக்கிறது. எங்களைப் போன்றவர்களுக்கு இது பெரும் வசதி. ஆனால் சமூக மன்றத்தின் பதிவு இயந்திரத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்த ஒரு மூதாட்டி என்னைக் கூப்பிட்டு, “கண்ணு, இது சிங்பாஸ் கேக்குது, என் மகன் இல்லாம நான் என்னம்மா செய்ய?” என்று கேட்டார். சிங்பாஸ் என்பது அரசாங்கச் சேவைகளுக்கான மின்னடையாளம். அவர் சேர விரும்பியது திறன்பேசி வகுப்பில். அதில் சேரவே திறன்பேசி தெரிந்திருக்க வேண்டும் என்பது எவரும் வேண்டுமென்று செய்த ஏற்பாடு இல்லைதான். ஆனால் எங்காவது ஓர் இடத்தில் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்து தாளில் எழுதிக்கொண்டால் தீர்ந்துவிடும். முகப்பில் இருந்த ஊழியர் அன்று அவருக்கு அன்போடு உதவினார் என்பதையும் சொல்ல வேண்டும். மின்தூக்கி அருகே ஒட்டப்படும் நிகழ்ச்சி அறிவிப்புகளில் தலைப்பு நான்கு மொழியிலும், நேரமும் இடமும் கட்டணமும் ஆங்கிலத்தில் மட்டும் இருப்பதும் அதே வகைக் குறை. முதியவர்களுக்குத் தேவைப்படுவது அந்த விவரங்களே.

பொங்கல், ஹரி ராயா, சீனப் புத்தாண்டு, தீபாவளி என விழாக்கள் இங்கே சிறப்பாகவே நடக்கின்றன. இந்தியர் நற்பணிச் செயற்குழுவினர் சமூக மன்றத்தின் திறந்த வெளியில் பானை வைக்கும் நாளில் மலாய், சீனப் பிள்ளைகள் பொங்கலோ பொங்கல் என்று கூவுவதைக் கேட்க எனக்கும் ஆசைதான். அந்த மாலைக்காகக் கூடும் தொண்டூழியர்களில் இருவர் மூவரையாவது மறுவாரம் காலை ஏழு மணிக் குழுவுக்கும் தோட்டத்துக்கும் அழைத்துவர முடிந்தால் வட்டாரத்துக்கு அது நெடுநாள் பயன் தரும்.

புதிதாக இப்படியொரு வட்டாரத்துக்குக் குடிவருபவர்களுக்கு என் பரிந்துரை இது. வகுப்புகளில் சேர்வதானால் பதிவு திறந்த முதல் வாரத்திலேயே பணம் கட்டிவிடுங்கள்; தொடக்கத்தில் எண்ணிக்கை சேர்ந்துவிட்டால் வகுப்பு ரத்தாவதற்கான வாய்ப்புக் குறையும், தெரிந்த குடும்பம் ஒன்றையும் சேர்த்துவிட்டால் இன்னும் நல்லது. கூடத்தை முன்பதிவு செய்யும் முன்பு அந்த வாரம் விழா உண்டா என்று முகப்பில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பெற்றோரை வகுப்பில் சேர்ப்பதானால் வார நாள் பிற்பகலில் அடையாள அட்டையோடு நேரில் அழைத்துச் செல்லுங்கள், அப்போது கூட்டம் இராது. தோட்டத்தில் சேர விண்ணப்பப் படிவம் எதுவும் தேவைப்படவில்லை. எங்கள் வேலிக்கதவு சனிக்கிழமை காலையில் திறந்திருக்கும், உள்ளே இருப்பவரிடம் எந்தப் பாத்திக்கு ஆள் வேண்டும் என்று கேட்டால் போதும்.